இடுப்பு முறிவை எண்ணெயால் நீவாதீர்கள்

பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டியை 25 நாள் கழித்து அழைத்து வந்தார்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய தடம். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். “சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் போட்டு நீவினோம் டாக்டர்” என்றார் மகன். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் எங்கள் புதுச்சேரி. இன்று ஜிப்மர் இருக்கிறது, அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் இப்படி வருகிறவர்கள் குறையவில்லை.

படுக்க வைப்பதே பாதி வேலை

பாட்டிக்கு இடுப்பு முறிந்திருந்தது; தேவை இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதில் பெரும்பாலும் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். சில முறைகளில் மல்லாந்த நிலை. ஒருக்களித்தால், பழுதான கால் மேலே இருக்கும். இடுப்பு அசையாதிருக்க முன்னும் பின்னும் மெத்தை வைத்த தாங்கிகள் கொடுப்போம். கீழ்க்காலில் முழங்காலுக்கு வெளிப்பக்கமும் மெத்தை வேண்டும். அங்கே ஓடும் நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க வராது. இடுப்பு கொஞ்சம் சாய்ந்தாலும், உள்ளே பொருத்தும் கிண்ணத்தின் கோணம் தப்பிவிடும். பிறகு அதில் பொருந்தும் பந்து நழுவலாம்.

பின்பக்கத் தாங்கி அழுத்தும் இடத்தில்தான் பாட்டிக்குப் புண். காலும் மடங்கியபடி இறுகிவிட்டது. எப்படிப் படுக்க வைப்பது?

இவற்றை நம்பாதீர்கள்

“நடக்கிறாரே, முறிவு இருக்காது.” எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட முறிவில் சிலர் நடப்பார்கள். பிறகு அது விலகலாம்.

“நீவினால் சரியாகும்.” தயவுசெய்து வேண்டாம். விலகாத எலும்பும் விலகிவிடும்.

“கட்டுப் போட்டால் கூடிவிடும்.” தொடை எலும்பின் கழுத்து மூட்டுக்குள்ளே இருக்கிறது. வெளியே கட்டும் பத்தை அதைப் பிடிக்காது. முறிவில் ரத்த ஓட்டம் அறுந்தால் எலும்பின் நுனியில் உள்ள பந்தே செத்துப்போகும்.

“இந்த வயசில் ஆபரேஷன் தாங்காது.” படுத்தே கிடப்பதைத்தான் முதிய உடம்பு தாங்காது. நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், புண் வரும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது.

“மெடிக்கலில் கொடுத்த மாத்திரையில் வலி போச்சு.” எத்தனை முறை சொல்வது! அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டும் மிதமிஞ்சிய மதுவும் இளைஞர்களின் இடுப்புப் பந்தையே சாகடிக்கின்றன.

பரிசோதனை

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, இசிஜி. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

வீட்டில் உங்கள் பொறுப்பு

மேசையில் எப்படிப் படுக்க வைப்பது என்பது எங்கள் பொறுப்பு. வீட்டுக்குப் போன பிறகு அது உங்களுடையது. பின்பக்கமாகத் திறந்து அறுவை சிகிச்சை செய்திருந்தால், மருத்துவர் சொல்லும் வரை கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். மணையிலோ தரையிலோ உட்கார வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் அவசியம்.

அதற்கு முன்பு, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் தரையை ஈரமில்லாமல் வையுங்கள், பிடிமானக் கம்பி பொருத்துங்கள், இரவில் ஒரு விளக்கு எரியட்டும். அப்படியும் விழுந்துவிட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே அழைத்து வாருங்கள்.