இணையத்தில் கடைக்கு இடம் தேடுவோம்

நம் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கோயில் இன்றும் நிலைத்திருக்கிறது. காரணம், அவன் தேர்ந்த பாறை! இணையதளம் அமைக்கும் சிறு வணிகரும் அவ்வாறே இடம் தேர வேண்டும். தளத்தைத் தம் கணினிகளில் வைத்து, இரவும் பகலும் இயக்குவோரே 'ஹோஸ்டிங்' நிறுவனத்தார். "99.9 விழுக்காடு இயங்கும்" என்றாலும் ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கடை மூடிக் கிடக்கலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத பலர் தம் தளத்தை இழந்தனர். ஆகவே, வாடகையை மட்டும் பாராது, நள்ளிரவிலும் உதவுவார்களா, நாள்தோறும் நகலெடுப்பார்களா என்று கேட்டறிவோம். தள முகவரியை நம் பெயரிலேயே பதிவு செய்வோம். ஒரு நகலை நம்மிடமும் வைத்திருப்போம்.