பழைய எரிவாயு அடுப்புகளைப் புதுப்பித்து விற்றல்

விறகும் வரட்டியும் எரிந்த நமது கிராமத்துச் சமையலறைகளில் இன்று எரிவாயு அடுப்பு இடம்பெற்றுவிட்டது. 2006-ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கியது. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. சொந்தப் பணத்தில் அடுப்பு வாங்கிய குடும்பங்களும் பல. ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வடுப்புகள் பழுதடைகின்றன. பழுதானதைப் பலர் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் அதில் கெட்டிருப்பது ஒரு வால்வோ, அடைபட்ட ஒரு சிறு துளையோதான். மற்றொரு புறம், புதிய அடுப்பு வாங்க வசதியற்ற குடும்பங்களும் அதே ஊரில் இருக்கின்றன. இவ்விரு சாராருக்கும் இடையே ஓர் இளைஞர் நேர்மையாகப் பிழைக்க வழி உண்டு. அவ்வழியை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய நாற்காலியை விற்பதும் பழைய அடுப்பை விற்பதும் ஒன்றல்ல. நாற்காலியின் கால் உடைந்தால் ஒருவர் விழுவார். அடுப்பில் வாயு கசிந்தால் ஒரு குடும்பமே துன்புறும். ஆகவே, இத்தொழிலில் கைத்திறனைவிட மனச்சான்றே முதன்மையான முதலீடு.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

இலாபமும் நட்டமும் வாங்கும்பொழுதே பெரிதும் முடிவாகிவிடுகின்றன. முதலில் அடுப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பைக் கவிழ்த்து, வாயுவைக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும். அது துருப்பிடித்து அரிக்கப்பட்டிருந்தால் அவ்வடுப்பைத் தள்ளிவிடுவதே நன்று. பற்றவைத்து ஒட்டுப் போடலாகாது. கண்ணாடி மேற்பரப்பு உடையதாயின், விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் வாங்க வேண்டாம். அது ஒருநாள் சூட்டில் நொறுங்கக்கூடும். பித்தளை பர்னர் வெடிப்பின்றி, தன் இடத்தில் ஆடாமல் உட்கார வேண்டும்.

நகரங்களில் குழாய் வழியே வரும் இயற்கை வாயுவுக்கென அமைந்த அடுப்புகளும் விற்பனைக்கு வரும். அவற்றின் ஜெட் துளை பெரிது. அதை அப்படியே சிலிண்டரில் இணைத்தால் சுடர் அளவுக்கு மீறி எழும். ஜெட்டை மாற்றாமல் அதனை விற்கலாகாது.

மற்றொன்று, சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமைகள். வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு பயன்படுத்தத் தரப்பட்டவை. அவற்றை வாங்குவதும் விற்பதும் சட்டத்துக்கு மாறானது. நமது வணிகம் அடுப்போடு நிற்க வேண்டும்.

புதுப்பிக்கும் முறை

பர்னர், தட்டு, பாத்திரம் தாங்கும் கம்பி ஆகியவற்றைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பித்தளை பர்னரைத் துலக்க நம் வீட்டுப் புளியே போதும். அதன் துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் திறந்து, நன்றாகக் கழுவி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்த வேண்டும்.

ஜெட்டின் செய்தி வேறு. அதன் துளை அளவாகத் துளைக்கப்பட்டது. ஊசியால் குத்தினால் துளை அகலும்; வாயு மிகுதியாக வெளிவரும்; சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும்; எரிவாயுவும் வீணாகும். ஆகவே, ஜெட்டைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, ஊதிப் பார்க்க வேண்டும். அடைப்பு நீங்காவிடில் அதே அளவுள்ள புதியதைப் பொருத்த வேண்டும்.

வால்வு இறுகியிருந்தால், கழற்றித் துடைத்து, வெப்பத்தைத் தாங்கும் கிரீசைச் சிறிதளவு தடவலாம். சமையல் எண்ணெய் இதற்கு உதவாது. வால்வு ஆடினாலோ கசிந்தாலோ புதியது போடுவதே முறை. ரப்பர் குழாயைப் பொறுத்தவரை ஆராய்ச்சியே வேண்டாம். பழையதை வெட்டி எறிந்துவிட்டு, முத்திரையுள்ள புதியதையே தர வேண்டும். வெளியே நன்றாகத் தோன்றும் குழாயிலும் உட்புறம் வெடித்திருக்கலாம்.

சோதனை

சோதனைக்கு வீட்டு உபயோகச் சிலிண்டரைப் பயன்படுத்தலாகாது. பட்டறைக்கு வணிக இணைப்பே பெற வேண்டும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆதலின் காற்றோட்டமான இடத்திலேயே சோதிக்க வேண்டும். அடுப்பின் திருகுகளை மூடிவைத்து, ரெகுலேட்டரைத் திறந்து, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவ வேண்டும். குமிழி எழும் இடத்தில் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவது உயிருக்கே ஆபத்து.

கசிவில்லை என்று உறுதியானபின் பற்றவைக்கலாம். சுடர் நீலமாகவும் அசையாமலும் நிற்க வேண்டும். மஞ்சள் நுனி தோன்றினால் காற்று போதவில்லை என்று பொருள். சுடர் பர்னரை விட்டு மேலெழுந்தால் காற்று மிகுதி. சுடர் உள்ளே புகுந்து இரைந்தால் உடனே அணைத்து, பர்னர் சரியாக அமர்ந்துள்ளதா என்று ஆராய வேண்டும்.

வரவு செலவு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் பார்ப்போம்; விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இரட்டை அடுப்பு ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினோம் என்க. ரப்பர் குழாய்க்கு 200, ஜெட்டுக்கும் வால்வுக்கும் 200, போக்குவரத்துக்கும் துப்புரவுப் பொருளுக்கும் 100. ஆக 900 ரூபாய். இதனை 1,200 ரூபாய்க்கு விற்றால் உழைப்புக்கு 300 ரூபாய் மிஞ்சும். பர்னரும் மாற்ற நேர்ந்தால் அம்மிச்சம் கரைந்துவிடும். வாங்கும்பொழுதே கண் விழிப்பாக இருக்க வேண்டும் என்று நாம் கூறியதன் காரணம் இதுவே. ரப்பர் குழாயின் 200 ரூபாயை மிச்சப்படுத்த எண்ணும் சபலம் இங்கேதான் பிறக்கும். அது இலாபமன்று, பிறர் உயிரை அடகு வைத்துப் பெறும் கடன்.

விற்ற பின்னர்

மாற்றிய பாகங்களையும் நாளையும் எழுதிய சீட்டு ஒன்றை வாங்குவோரிடம் தர வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்றவும், சிலிண்டரை நிமிர்த்தி வைக்கவும், அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வைக்கவும் சொல்ல வேண்டும். வாயு நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசையைத் தொடாமல் வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்குமாறும் கூற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் அடுப்பை அவர் முன்னே பற்றவைத்துக் காட்டுவது நம் கடமை.

ஓர் அடுப்பு நன்றாக எரிந்தால் அவ்வீட்டார் அதைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் அடுத்த வீட்டார் அடுப்பு வாங்க எண்ணும்பொழுது விற்றவரின் பெயரைத் தவறாமல் சொல்வர். கிராமத்தில் இத்தொழிலுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.