படித்தவர்கள் எல்லாம் வெறுத்த டைனோசர் கதை!

அமெரிக்காவில் மைக்கேல் கிரைட்டன் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். ஆறடி ஒன்பது அங்குல உயரம்! டாக்டருக்குப் படித்துப் பட்டமும் வாங்கியவர். ஆனால், வைத்தியம் பார்க்கப் போகவில்லை. கதை எழுதப் போய்விட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையை எழுதி முடித்ததும் நேராக அச்சுக்கு அனுப்ப மாட்டார். தெரிந்தவர்கள் ஐந்தாறு பேரிடம் கொடுப்பார். "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். வழக்கமாக, ஒருவர் ஒன்று சொல்வார். இன்னொருவர் வேறொன்று சொல்வார்.

ஒரு தடவை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். என்ன சொன்னார்கள்?

பிடிக்கவில்லை!

கிரைட்டன் திருத்தி எழுதினார். மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் பிடிக்கவில்லை. இப்படிப் பல தடவை நடந்தது. ஏன் பிடிக்கவில்லை என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கதை முழுவதும் ஒரு சிறுவனின் பார்வையில் போயிற்று. டைனோசர்கள் தப்பி ஓடும்போது அங்கே இருக்கும் சிறுவன் அவன். "இது பையன்களின் கதையாக இருக்கிறது. பெரியவனாகிய எனக்கு ஒரு கதை வேண்டும்" என்பது அவருடைய கட்சி.

கிரைட்டன் பெரியவர்களின் பார்வையில் கதையை மாற்றி எழுதினார். வெறுத்த அதே ஆட்கள், "பிரமாதம்" என்றார்கள்!

அந்தக் கதைதான் "ஜுராசிக் பார்க்". 1990-ல் புத்தகமாக வந்தது. 1993-ல் ஸ்பீல்பெர்க் அதை சினிமாப் படமாக எடுத்தார். உலகமே பார்த்தது. பெரியவர்களுக்காக மாற்றி எழுதிய கதையைப் பிள்ளைகள் விட்டு வைத்தார்களா? அவர்களும் போட்டி போட்டுக் கொண்டு படித்தார்கள்.

கொசுவின் வயிற்றில் ரத்தம்

டைனோசர்கள் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்து போன பிராணிகள். அந்தக் காலத்துக் கொசு ஒன்று டைனோசரின் ரத்தத்தைக் குடித்தது. பிறகு மரப்பிசினில் ஒட்டிக் கொண்டு செத்தது. பிசின் இறுகிக் கல் மாதிரி ஆகிவிட்டது. கொசு உள்ளேயே இருந்தது. அதன் வயிற்றில் இருக்கும் ரத்தத்தை எடுத்தால்? அதில் உள்ள டி.என்.ஏ.யைக் கொண்டு டைனோசரையே மறுபடியும் உண்டாக்கினால்?

(ஓர் உயிர் எப்படி வளர வேண்டும் என்ற விவரம் எல்லாம் அடங்கிய மிக நுண்ணிய இழைதான் டி.என்.ஏ.)

கதையில் ஹாமண்ட் என்ற பணக்காரக் கிழவர் அதைச் செய்கிறார். கோஸ்டாரிகா நாட்டுக்கு அருகே ஒரு தீவில் டைனோசர் பூங்கா அமைக்கிறார். சுற்றிலும் மின்சார வேலி. கம்ப்யூட்டரின் காவல். பூங்காவைச் சோதித்துப் பார்க்க நிபுணர்கள் வருகிறார்கள். கிழவரின் பேரனும் பேத்தியும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் ஆசாமி, டைனோசர் கருக்களைத் திருடுவதற்காகப் பாதுகாப்பை நிறுத்தி விடுகிறான். வேலியில் மின்சாரம் இல்லை. அப்புறம் கேட்க வேண்டுமா?

292 எப்படி வந்தது?

படித்தவர்கள் மறக்காமல் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. வெறும் கணக்குதான்! ஆனால், மயிர்க்கூச்செறியும்.

தீவில் 238 டைனோசர்கள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் 238 சரியாக வருகிறது. ஒன்று கூடத் தப்பவில்லை என்று நிர்வாகிகள் மார் தட்டுகிறார்கள்.

மால்கம் என்ற கணித நிபுணர் குறுக்கிடுகிறார். "239 இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்" என்கிறார். கம்ப்யூட்டர் தேடுகிறது. 239 இருக்கிறது! "300 இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்" என்கிறார். 292 என்று பதில் வருகிறது!

எப்படி? மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுகளை இருபது வரை எண்ணி, இருபது வந்ததும் படலைச் சாத்திவிடுகிறவன் இருக்கிறான் அல்லவா? அந்த மாதிரிதான். குறைந்தால் அவனுக்குத் தெரியும். கூடினால் தெரியாது. எல்லா டைனோசர்களும் பெண்; குட்டி போட வழி இல்லை என்று நம்பி இருந்தார்கள். ஆனால், டி.என்.ஏ.யில் இருந்த ஓட்டைகளைத் தவளையின் டி.என்.ஏ. வைத்து அடைத்து இருந்தார்கள். தவளைகளில் சில வகை, பெண்ணாக இருந்து ஆணாக மாறும். அந்தக் குணமும் சேர்ந்து வந்துவிட்டது!

குற்றம் சொன்னவர்கள்

எல்லோரும் புகழ்ந்து விடவில்லை. "பேத்தி லெக்ஸ் ஓயாமல் தொணதொணக்கிறாள். எரிச்சலாக இருக்கிறது" என்பது பலருடைய புகார். கதையில் அவள் சின்னவள். டைனோசரும் கம்ப்யூட்டரும் அண்ணன் டிம்முக்குத்தான் தெரியும். படத்தில் அவளை அக்காவாக்கி, கம்ப்யூட்டரையும் அவள் கையில் கொடுத்து விட்டார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு வேறோர் அதிர்ச்சி காத்திருக்கும். படத்தில் ஹாமண்ட் அன்பான தாத்தா. புத்தகத்தில் பணமே குறியான கிழவர். கடைசியில் சின்னஞ்சிறு டைனோசர்கள் கடித்துச் சாகிறார்.

பெரிய புகார் மால்கத்தின் மேல்தான். டைனோசர் அடித்துப் படுக்கையில் கிடக்கிறார். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து இருக்கிறார்கள். வெளியே கொடிய பிராணிகள் கூரையைக் கடிக்கின்றன. அவரோ படுத்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்கிறார்! விஞ்ஞானத்துக்கு சக்தி இருக்கிறது, அதைத் தாங்கும் பக்குவம் இல்லை என்பது அவர் வாதம். "அடுத்த டைனோசர் எப்போது வரும்?" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டினார்கள்.

இருந்தும் அவரை வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. கதையின் முடிவில் அவர் செத்துவிட்டார் என்று தெரிகிறது. 1995-ல் கிரைட்டன் இரண்டாம் பாகம் எழுதினார். மால்கம் உயிரோடு வந்து நின்றார்!

விஞ்ஞானிகளின் தீர்ப்பு

விஞ்ஞானிகளும் படித்தார்கள். அவர்கள் வேறு விதமான வாசகர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். "தலைப்பு ஜுராசிக். ஆனால் கதையில் வரும் முக்கியமான டைனோசர்கள் அதற்கு அடுத்த காலத்தைச் சேர்ந்தவை ஆயிற்றே!" என்றார்கள்.

கதையில் மனிதர்களை வேட்டையாடும் வெலோசிராப்டர், உண்மையில் வான்கோழி அளவுதான் இருக்கும். அதற்கு இறகும் இருந்தது. மங்கோலியாவில் கிடைத்த ஒரு கை எலும்பில், இறகு பதிந்து இருந்த மேடுகளைக் கண்டுபிடித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஆனால் கதை எழுதியபோது இது யாருக்கும் தெரியாது. அதற்குக் கிரைட்டனைக் குறை சொல்ல முடியாது.

அசையாமல் நின்றால் டைரனோசரின் கண்ணுக்குத் தெரியாது என்றும் கதையில் வருகிறது. இதையும் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கிரைட்டன் என்ன செய்தார், தெரியுமா? இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரத்தின் வாயாலேயே அந்தக் கருத்தைக் கேலி செய்தார்!

நடக்குமா?

வாசகர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. படம் வெளிவந்த அதே 1993-ல், பிசினில் சிக்கிய 12 கோடி ஆண்டுப் பழைய வண்டில் டி.என்.ஏ. கிடைத்ததாகச் செய்தி வந்தது. பலர் நம்பினார்கள். பிறகு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிசினில் சிக்கிய பல பூச்சிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய டி.என்.ஏ. எதுவும் கிடைக்கவில்லை.

2012-ல் ஒரு முடிவு வந்தது. நியூசிலாந்தில் அழிந்து போன மோவா என்ற பெரும் பறவையின் 158 எலும்புகளைச் சோதித்தார்கள். அவை கிடந்த சூழலில் 521 ஆண்டுகளுக்கு ஒரு தடவை டி.என்.ஏ. பாதியாகச் சிதைகிறது என்று கணக்கிட்டார்கள். நல்ல குளிரில் இருந்தாலும் 68 லட்சம் ஆண்டுகளில் முற்றிலும் அழிந்துவிடுமாம். டைனோசர் அழிந்ததோ, அதைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு காலத்துக்கு முன்னால்!

ஆகவே டைனோசர் வராது. குழந்தைகள் பயப்பட வேண்டாம்.

ஆனால், சமீபத்தில் அழிந்த பிராணிகள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1996-ல் ஸ்காட்லாந்தில், வளர்ந்த ஓர் ஆட்டின் உயிரணுவில் இருந்து டாலி என்ற ஆட்டுக்குட்டியைப் பிறக்க வைத்தார்கள். ஸ்பெயின் நாட்டு மலைகளில் ஒரு வகைக் காட்டு ஆடு இருந்தது. அதில் கடைசி ஆடு 2000-ல் செத்தது. சேமித்து வைத்து இருந்த அதன் உயிரணுவைக் கொண்டு 2003-ல் ஒரு குட்டியைப் பிறக்க வைத்தார்கள். நுரையீரல் கோளாறு. சில நிமிடங்களில் செத்துப் போயிற்று.

2025-ல் இன்னொரு செய்தி வந்தது. 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்து போன ஒரு பெரிய ஓநாய் இனத்தை மீட்டு விட்டோம் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி அறிவித்தது. சாதாரண ஓநாயின் டி.என்.ஏ.யில் 20 இடங்களில் திருத்தம் செய்து மூன்று குட்டிகளை உண்டாக்கினார்கள். "இது பழைய ஓநாய் அல்ல. மாற்றம் செய்த இந்தக் காலத்து ஓநாய்தான்" என்று பல விஞ்ஞானிகள் மறுத்தார்கள்.

கிரைட்டன் இதைப் பார்க்கவில்லை. 2008-ல் காலமாகி விட்டார். அன்று வாசகர்கள் அவசரமாகப் புரட்டிய மால்கத்தின் பிரசங்கத்தை, இந்தச் செய்தி வந்தபோது பலர் தேடி எடுத்துப் பேசினார்கள்.

அந்த மூன்று ஓநாய்க் குட்டிகளையும் சுமார் 2 ஆயிரம் ஏக்கர் நிலத்தில் விட்டு வளர்த்தார்கள். சுற்றிலும் வேலி!