முன்னோட்ட உலாவி: சோதிக்க மட்டும்

கே.கே. நகரில் உள்ள என் வீட்டுக் கணினியில் இரண்டு பயர்பாக்ஸ் உலாவிகள் உள்ளன. ஒன்று, அனைவரும் பயன்படுத்தும் நிலையான பதிப்பு. மற்றொன்று, ‘நைட்லி’ எனும் முன்னோட்டப் பதிப்பு. மொசில்லா நாள்தோறும் புதுப்பிக்கும் இதில் வரும் மாற்றங்கள், பீட்டா பதிப்பில் மேலும் சோதிக்கப்பட்டு, சில வாரங்களில் நம் பள்ளிக் கணினிகளுக்கும் வந்துசேரும்.

நிறுவுவது எளிது. மொசில்லாவின் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். 2019இல் வெளியான 67ஆம் பதிப்பு முதல், ஒரே கணினியில் உள்ள ஒவ்வொரு பயர்பாக்ஸும் தன் தரவைத் தனியே வைத்துக்கொள்கிறது. எனவே பழைய உலாவியின் கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அப்படியே இருக்கும்.

எதைச் சோதிப்பது? வகுப்பில் காட்டும் தமிழ்ப் பக்கங்களைத் திறக்கிறேன். ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ ஆகியவை உடையாமல் தெரிகின்றனவா, தமிழ்99 முறையில் தட்டச்சு சரியாக விழுகிறதா, அச்சில் எழுத்து மாறுகிறதா எனப் பார்க்கிறேன். குறை தென்பட்டால் அதே பக்கத்தை நிலையான பதிப்பிலும் திறக்கிறேன். அங்கே சரியாக இருந்தால் குறை பெரும்பாலும் புதிய பதிப்பில்தான். பதிப்பு எண், செய்த படிகள், திரையின் படம் ஆகியவற்றுடன் ‘பக்சில்லா’ தளத்தில் தெரிவிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. முன்பொருமுறை வேறொரு முன்னோட்ட உலாவியில் மதிப்பெண்களைப் பதிவு செய்தேன். சேமிக்கும் முன் அது மூடிக்கொண்டது. நாற்பது மாணவரின் மதிப்பெண்களை இரவில் மீண்டும் உள்ளிட்டேன். தவறு என்னுடையதே. எமிஸ் பணிகளுக்கு நிலையான பதிப்பையே பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்து உடைவது தமிழ் படிப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டால், மாணவர்கள் பார்க்கும் திரையில் அது திருந்தியிருக்க வாய்ப்புண்டு.