காகித ஆலையில் ஓடிப்போகும் செல்வம்

காகிதமின்றிக் கல்வியில்லை, வியாபாரமில்லை, பத்திரிகையுமில்லை. இதனை அறியாதவர் எவருமிலர். ஆயினும் அக்காகிதம் எவ்வாறு உண்டாகிறது, அதனை உண்டாக்குகையில் எவ்வளவு பொருள் வீணாகிறது என்று நம்மவர் சிந்திப்பது அபூர்வம். சென்னையில் யானைக்கவுனிக்குக் கிழக்கே, காகித வியாபாரத்துக்குப் பேர்போன ஆண்டர்சன் தெருவில் சரக்கெடுக்கும் அச்சுக்கூடத்தார் ஒரு குறை சொல்வதுண்டு. தாளின் ஒரு பக்கத்தில் மை செவ்வையாகப் படிகிறது. மறுபக்கத்தில் அப்படிப் படிவதில்லை. தாளிலிருந்து தூசி எழுந்து யந்திரத்தில் ஒட்டுகிறது என்பதே அது. இக்குறையின் வேர் பெரும்பாலும் கடையிலுமில்லை, அச்சுக்கூடத்திலுமில்லை. காகித ஆலையின் கம்பிவலையில் இருக்கிறது.

காகித யந்திரத்தின் வலைமீது வந்து பாயும் கூழில் 100-க்கு ஏறக்குறைய 99 பங்கு தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்கில்தான் நாரும், நார்த்துகளும், சுண்ணாம்புத்தூள், மாக்கல்தூள், சீனக்களிமண் முதலிய நிரப்புப் பொருள்களும் அடங்கியுள்ளன. ஓடும் வலையில் கூழ் பரவியவுடன் தண்ணீர் கீழே வடிகிறது. நீண்ட நார் மேலே தங்குகிறது. துகளோ வலைக்கண்ணினும் சிறிதாகையால் தண்ணீரோடு நழுவிவிடுகிறது. வலையைத் தொட்ட பக்கம் துகளிழந்து சொரசொரப்பாகவும், மேற்பக்கம் துகள் மிகுந்து வழவழப்பாகவும் அமைவதன் காரணம் இதுவே.

வலையின் கீழே வடிந்த வெள்ளைநீரை ஆலைக்காரர்கள் மறுபடியும் கூழிற் சேர்க்கிறார்களன்றோ, பின் நஷ்டம் ஏது என்று சிலர் கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். கூழிலுள்ள திடப்பொருளில் 100-க்கு 60 பங்கே வலையில் தங்குமாயின், 100 மணங்கு தாள் எடுக்க ஏறக்குறைய 167 மணங்குச் சரக்கை வலைமீது செலுத்தவேண்டும். 80 பங்கு தங்குமாயின் 125 மணங்கு போதும். மிகுதியெல்லாம் பம்பிலும் குழாயிலும் வீணே சுற்றிச் சுற்றி வருவது. அவ்வாறு சுற்றுகையில் அழுக்குச் சேருகிறது, கசடு படிகிறது, தாள் அறுபடுகிறது. நிரம்பி வழியும் வெள்ளைநீரோடு நாரும் சுண்ணாம்பும் சாக்கடைக்குச் செல்கின்றன. விலைகொடுத்து வாங்கியதையே கழிவாக்கி, அக்கழிவைச் சுத்திசெய்ய மறுபடியும் செலவிடுவதைச் சிக்கனமென்று யார் சொல்வார்?

நாரும் துகளும் தண்ணீரில் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளுமேயன்றி ஒட்டா. 1807-இல் ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் குங்கிலியமும் படிகாரமும் சேர்த்துத் தாளுக்குப் பசையேற்றும் முறையை வெளியிட்டபின், நெடுங்காலம் படிகாரமே துகளைப் பிடித்துவைக்கும் வேலையையும் ஒருவாறு செய்துவந்தது. ஆனால் புளிப்பேறிய அத்தாள் சில பத்தாண்டுகளில் பழுத்து நொறுங்கியது. புளிப்பில்லாத சுண்ணாம்புத் தாளுக்கு ஆலைகள் மாறியபோது படிகாரத்தின் வலிமை குன்றிற்று. அவ்விடத்தை நிரப்ப வந்தவையே பாலிமர்கள்.

இவற்றுள் முக்கியமானது நேர்மின்னேற்றமுள்ள பாலி அக்ரிலமைடு. பல்லாயிரம் சிற்றலகுகள் கோத்த நீண்ட சங்கிலி இது. ஒரு முனை நாரைப் பற்ற, மறுமுனை துகளைப் பற்றிப் பாலமாகிறது. ஒரு டன் தாளுக்குச் சில நூறு கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்வது வியப்பே. துகள் தங்குவதோடு தண்ணீரும் விரைவில் வடிகிறது. அழுத்து உருளையை விட்டு வெளிவரும் தாளின் உலர்வு ஒரு பங்கு கூடினால், உலர்த்தும் நீராவியில் ஏறக்குறைய 4 பங்கு மிச்சமாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு.

ஆயின் மருந்து மிஞ்சினால் நஞ்சாம். அளவு கூடினால் நார் திரண்டு, தாள் மேகம் படர்ந்ததுபோல் திட்டுத்திட்டாகும். வேகமான பம்புக்கு முன்னே கலந்தால் சங்கிலி அறுந்து பயனிழக்கும். இதற்குப் பரிகாரமாக 1980-களில் பாலிமருக்குப்பின் பெண்டோனைட் களிமண்ணையோ நுண்ணிய சிலிக்காவையோ சேர்க்கும் முறைகள் வழக்கிற்கு வந்தன. இம்முறையில் திரள்கள் சிறியனவாய், இறுக்கமாய் அமைகின்றன.

தமிழ்நாட்டுக்குக் காகிதத் தொழில் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தரங்கம்பாடிக்கு அருகே பொறையாற்றில் சீகன்பால்கு காகிதப் பட்டறை அமைத்தார். நம் காலத்தில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலையும், 1979-இல் தோன்றிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் புகழூர் ஆலையும் காவிரிக் கரையில் தழைத்தன. கரும்புச் சக்கையைக் காகிதமாக்கிக் காட்டியது புகழூரின் பெருமை. காட்டை வெட்டாமல் வயலின் கழிவைத் தாளாக்குவதினும் சிறந்த சுதேசியம் ஏது? ஆனால் சக்கையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சோறு. அதனை நீக்கியபின்னும் அக்கூழில் துகள் மிகுதி, வடிகால் மந்தம். ஆகவே மரக்கூழைக் காட்டிலும் சக்கைக்கூழுக்கே இத்துணைப்பொருள் இன்றியமையாதது. பழங்காகிதத்தைக் கரைக்கும் சிற்றாலைகளுக்கும் இதுவே நிலை. அங்கே கூழில் கரைந்துள்ள அழுக்கு பாலிமரை முதலிலேயே விழுங்கிவிடுகிறது. அதனை அளந்தறியச் சோதனைச்சாலையும், பயிற்சிபெற்ற ஆளும் வேண்டும். மூட்டை வாங்கிக் கொட்டிவிட்டால் தொழில் விருத்தியாகாது.

இனி ஒரு வார்த்தை வடசென்னையைப் பற்றி. இப்பாலிமரின் மூலப்பொருள் புரொப்பிலீன். அதிலிருந்து அக்ரிலோநைட்ரைல், பின் அக்ரிலமைடு, முடிவில் பாலிமர். யானைக்கவுனிக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. இத்தொழிற்சங்கிலியை இங்கேயே ஏன் வளர்க்கலாகாது என்று கேட்பது நியாயமே. ஆனால் அக்ரிலமைடு நரம்பைக் கெடுக்கும் விஷம், அக்ரிலோநைட்ரைலும் கொடியது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் பிழைப்பு குலைந்ததை நாம் மறக்கவில்லை. தொழில் வேண்டும், அதன் கழிவை அண்டை அயலார் தலையில் கட்டும் தொழில் வேண்டா. காப்புகளைச் சட்டத்தில் எழுதுவது மட்டுமன்றி, நடைமுறையிலும் நிறைவேற்றிக் காட்டிய பின்னரே அனுமதி அளிக்கவேண்டும்.

ஆலை முதலாளிகளுக்கு நாம் சொல்வது இது: தண்ணீரிலும் நாரிலும் நீராவியிலும் மிச்சம்பிடித்த பின்னரே விலையேற்றத்தைப் பற்றிப் பேசுங்கள். சர்க்கார் சிற்றாலைகளுக்குப் பொதுச் சோதனைச்சாலைகளை நிறுவட்டும். தொழிலாளர் சங்கங்கள் இந்நுட்பத்தில் பயிற்சியைத் தங்கள் உரிமையாகவே கேட்கட்டும். காவிரியின் ஒவ்வொரு துளிக்கும் வழக்காடும் நாம், அந்நீரில் நம் செல்வம் கரைந்தோடுவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது.