வெளுத்தது காயா, திரையா?

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், மலையில் நமக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சரக்குப் போட்டுவரும் தோட்டக்காரர் ஒருவர், ஸ்டோரில் உலர்த்தி எடுத்த காயைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 300 கிலோ சரக்கு. கடை லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். பருமன் குறை சொல்வதற்கில்லை. நிறம்தான் இல்லை. செம்மை ஓடி, சூடு கூடிப்போன காய் மாதிரி தெரிந்தது. போன் போட்டு, "நிறம் போயிருச்சே, அந்த விலைக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டோம். அவர் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஆள் வந்து நின்றார். துணிப்பையிலிருந்து இரண்டு கை காயை எடுத்து நம் மேஜைமேல் கொட்டினார். கிளிப்பச்சை! "அண்ணே, காயில ஒண்ணும் இல்ல. கண்ணைத்தான் ஒருக்கா காமிச்சிட்டு வாங்க" என்றார். சரக்கை முதல் நாள் இரவே வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார். காட்டிவிட்டுப் போகத்தான் வந்தாராம்.

கண்ணில் குற்றமில்லை. அதே போட்டோவைக் கைபேசியில் பார்த்தால் பச்சை, லேப்டாப்பில் பார்த்தால் பழுப்பு. யோசித்துப் பார்த்தால் சில நாளாகவே வவுச்சர் போடும் வெள்ளைப் பக்கமும் லேசாகச் சிவந்துதான் இருந்தது. 2012-ல் வாங்கிய மிஷின், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அந்த அசட்டைக்குக் கொடுத்த விலைதான் 300 கிலோ சரக்கும் ஒரு நல்ல மனிதரின் மனவருத்தமும்.

நிறத்துக்கு நம் தொழிலில் உள்ள மதிப்பை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும் என்றுதான் மூட்டைக்குள் கறுப்புப் பாலிதீன் போட்டுக் கட்டுகிறோம். அவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாற்றிய பச்சையைக் கடைசியில் ஒரு பழைய திரையை நம்பி எடைபோட்டால் என்ன நியாயம்? ஏலத்தில் வாய்விட்டு விலை கேட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறோம். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு கணினி ஏலத்தைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தி விலை கேட்கப் பழகினோம். ஆனால் அங்கேயும் மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விலை கேட்கிறோம். திரையில் ஓடுவது விலை மட்டும்தான். போட்டோ பார்த்து நிறம் பேசுவது வாட்ஸ்அப் வந்தபின் நாமாகத் தேடிக்கொண்ட பழக்கம்.

லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொண்டுபோனோம். முதலில் பார்த்தவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு, இல்லாட்டி திரை போச்சு, 14,500 ஆகும், புதுசே வாங்கிக்கலாம்" என்றார். ஊரையும் பேரையும் விட்டுவிடுவோம். அடுத்துக் காட்டியது, தெரிந்தவர் மூலம் வந்த ஒரு இளைஞரிடம். அவர் செய்த முதல் காரியம், மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தது. ஒரு சாய்வில் பச்சை திரும்பி வந்தது, இன்னொரு சாய்வில் போனது. "கேபிள், ஐயா" என்றார். 900 ரூபாயில் வேலை முடிந்தது.

அவர் விளக்கிச் சொன்னது இதுதான். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தால் ஆனது. எந்த நிறம் எவ்வளவு என்ற செய்தி, கீழே உள்ள போர்டிலிருந்து தலைமயிர் கனமுள்ள கம்பிகள் வழியாக, மூடியின் கீல் ஓரமாக வளைந்து மேலே போகிறது. கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவை மூடித் திறக்கிறோம். வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து ஏதோ ஒரு கம்பி நைந்தால், பழைய லேப்டாப்புகளில் நிறம் மாறும், புள்ளி தெறிக்கும், கோடு விழும், சில சமயம் திரை வெள்ளையாகிவிடும். மூடியை அசைக்கும்போது கோளாறு கூடிக் குறைந்தால் சந்தேகம் முதலில் கேபிளின்மேல்தான் போகவேண்டும். முனை கழன்றிருந்தால் திரும்பச் செருகுவதோடு சரியாகிவிடும்.

அந்த இளைஞரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட மற்ற விஷயங்களையும் எழுதுகிறோம். காயைச் சல்லடையில் போட்டு 8 மில்லி, 7 மில்லி என்று பிரிப்பதுபோல, கோளாறையும் ஒவ்வொரு சல்லடையாகப் போட்டுப் பிரிக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கைக் காப்பாற்றுங்கள். திரை கொஞ்சம் தெரிகிறபோதே டாலி கணக்கு முழுவதையும் பென் டிரைவில் இறக்கிவிட வேண்டும். திரை அடியோடு இருண்டாலும் பயமில்லை, வீட்டு டி.வி.யை எச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்து, விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தினால் படத்தை டி.வி.க்கு மாற்றலாம். இதுவே பெரிய சோதனையும்கூட. டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால் போர்டு பெரும்பாலும் நல்லது, குற்றம் திரையிலோ கேபிளிலோதான். டி.வி.யிலும் அதே கோடு, அதே கட்டம் வந்தால் படம் வரையும் சிப்பையோ மென்பொருளையோ சந்தேகிக்க வேண்டும்.

அந்த இரண்டில் எது என்று பிரிக்க, மிஷினைப் போட்டதும் வரும் கம்பெனி முத்திரையைக் கவனிக்கச் சொன்னார். அந்த நேரத்திலேயே கோடு விழுந்தால் விண்டோஸின்மேல் பழி இல்லை. விண்டோஸ் வந்தபின் மட்டும் கோளாறு என்றால் டிரைவர் எனப்படும் மென்பொருளைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 'டி' எழுத்தை அழுத்திக்கொண்டே மிஷினைப் போட்டால், பெரும்பாலான மாடல்களில் திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகக் காட்டித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பச்சை பச்சையாக வருகிறதா என்று நம்மைப்போன்றவர்கள் பார்த்துக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்!

திரை கறுத்துவிட்டது, ஆனால் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது என்றால் டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் எரியும் விளக்குத்தான் எரியவில்லை. 2010 வரை வந்த பல மிஷின்களில் இது மெல்லிய குழல் விளக்கு. அதற்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்க இன்வெர்ட்டர் என்று தனியாக ஒரு சின்னப் பலகை உண்டு. பல நேரம் போவது அந்தப் பலகைதான். பின்னால் வந்தவற்றில் எல்.இ.டி. விளக்கு. குழல் விளக்குக்கு வயதானால் ஒளி மங்கி மஞ்சள் பாயும். அந்தத் திரையில் பார்க்கும் எந்தக் காயும் பழைய காய்தான்.

காசே செலவில்லாத கோளாறுகளும் உண்டு. நம் கடையில் ஒரு நாள் லேப்டாப் தானாக இருண்டு இருண்டு வந்தது. விசைப்பலகை ஓரத்தில் பேரன் வைத்திருந்த கைபேசி உறையின் காந்தம்தான் காரணம். மூடி மூடப்பட்டதா என்பதைப் பல மிஷின்கள் காந்தத்தை வைத்துத்தான் உணர்கின்றன. வேறொரு நாள் படம் தலைகீழாகிவிட்டது. கணக்குப்பிள்ளை மிஷினையே தலைகீழாகத் திருப்பிவைத்து அரை மணி நேரம் பில் போட்டார்! கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு மேல்நோக்கும் அம்புக்குறியை அழுத்தியதும் நிமிர்ந்தது. எல்லா மிஷினிலும் இது வேலை செய்யாது. இன்டெல் சிப் உள்ள பழையவற்றில் செய்யும்.

போர்டிலேயே குற்றம் என்றால் கதை வேறு. 2008 ஜூலையில், படச் சிப் செய்யும் என்விடியா என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் லேப்டாப் சிப்புகளில் ஒரு பகுதி வழக்கத்துக்கு மேல் பழுதாகிறது என்று தானே ஒப்புக்கொண்டு, வாரண்டிச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்பைப் பிடித்திருக்கும் பற்று விட்டுப்போவதுதான் நோய். டெல், எச்.பி. போன்றவர்கள் பல மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தார்கள். கோடு, கட்டம், பிறகு ஒரேயடியாக இருட்டு என்பதுதான் அதன் அடையாளம். இப்படிப்பட்ட போர்டைச் சூடுகாட்டி ஓட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்; சில வாரம், சில மாதம். பிறகு நிற்கும். அதை ரிப்பேர் என்று சொல்லிப் பணம் வாங்குவது நமக்குச் சம்மதமில்லை. சூட்டைச் சொன்னதால் ஒரு வார்த்தை: காய் பாலிஷ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைக்காதீர்கள். நம் மிஷினின் காற்றாடியில் ஏலக்காய்த் தூசு பஞ்சுபோல் அடைத்திருந்தது. மணமாகத்தான் இருந்தது.

எதுவரை செலவழிப்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேபிள், விளக்குப் பலகை என்றால் யோசிக்காமல் மாற்றலாம். திரையையே மாற்றவேண்டும் என்றால் மிஷினின் இன்றைய மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டு என்றால் வேண்டாம். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மிஷினில் புதுத் திரை போட்டாலும், பேங்க் வேலைக்கும் ஜி.எஸ்.டி. வேலைக்கும் அதைத் தொடர்ந்து நம்புவது நல்லதல்ல. நமது லேப்டாப் இப்போது இன்டர்நெட் இல்லாமல் பழைய கணக்குப் பார்க்க மட்டும் இருக்கிறது.

அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கு நாமே மலையேறிப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தோம். காப்பி கொடுத்தார். சிரிக்கவில்லை. இந்தப் பருவத்தில் முதல் பறிப்புக் காயில் கால் கிலோ மாதிரியை ஜீப்பில் கொடுத்தனுப்பியிருந்தார். போட்டோவும் அனுப்பியிருந்தாராம், பையைப் பிரித்துக் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து விலை சொன்ன பிறகுதான் அது நமக்குத் தெரிந்தது.