மருந்து அளவு சொல்வது ஆளா, மெஷினா? கேட்டுவிட்டு வாங்குங்கள்

கத்தரியில் காய்ப்புழு. படம் எடுத்து, பூச்சி மருந்து கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறீர்கள். அரை நிமிடத்தில் நல்ல தமிழில் பதில் வருகிறது: இந்த மருந்து, இத்தனை மில்லி. வேளாண்மை படித்த யாரோ சொல்கிறார் என்றுதான் நினைப்போம். அது ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருளாகவும் இருக்கலாம்.

அதை வாடிக்கையாளரிடம் மறைக்கக் கூடாது என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2024 மே முதல், "நான் பேசுவது மனிதரிடமா?" என்று தெளிவாகக் கேட்டால் கம்பெனி உண்மையைச் சொல்ல வேண்டும். மீறினால் 2,500 டாலர் வரை அபராதம். நம் நாட்டில் சமூக வலைதளங்களில் வரும் ஏஐ வீடியோக்களுக்கு அடையாளம் போட வேண்டும் என்ற விதி 2026 பிப்ரவரியில் வந்தது. சாட்டில் பதில் தருவது மெஷின் என்று சொல்லத் தனிச் சட்டம் இன்னும் இல்லை. அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதால் என்ன லாபம்? மெஷின், லிட்டருக்கு 2 மில்லி என்பதை டேங்குக்கு 2 மில்லி என்று மாற்றிச் சொல்லலாம். 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி போக வேண்டிய இடத்தில் 2 மில்லி போனால் புழு சாகாது, கூலியும் வீண். தலைகீழாக நடந்தால் பயிர் கருகும். ஆளும் தப்பு செய்வார்தான். ஆனால் விவரம் தெரிந்தவர் "பயிர் எத்தனை நாள்? அடுத்த பறிப்பு எப்போது?" என்று திருப்பிக் கேட்பார். மெஷின் பல நேரம் எதுவும் கேட்காமலே தைரியமாகச் சொல்லிவிடும்.

எந்தப் பதில் வந்தாலும் மருந்து டப்பாவின் லேபிளோடும், உள்ளே இருக்கும் துண்டுப் பிரசுரத்தோடும் ஒப்பிடுங்கள். அளவு மாறினால் லேபிளில் உள்ளபடியே அடியுங்கள். சாட்டை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வையுங்கள்.

இது வீண் வேலை இல்லை. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட் மெஷின், டிக்கெட் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தப்பாகச் சொன்னது. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது நிறுவனம். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணம் கொடுக்கச் சொன்னது. பயணியிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

ஆளிடமே கேட்க உங்கள் பகுதி தோட்டக்கலை உதவி அலுவலர் இருக்கிறார். கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கம்பெனி மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.